விலாசம் பிழையில்லை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த பெரிய பெட்டியை எடுத்துக்கொண்டு போனாய். அம்மா போட்டுத் தந்த தேநீரைக் குடித்தாய். கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு பார்வை எப்படி இருக்கிறது என்று கேட்டாய். நன்றாகத் தெரிகிறது என்றேன். "வெயிலுக்குள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போங்கோ அப்பா" என்றாய். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்னிடம் கேட்கக்கூடியதை எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாய். நான் பல்கனியில் நின்று, நீ ஒழுங்கை முடிந்து பெரிய தெருவான காலி வீதியில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கோபமாகப் போயிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திராது.

அடுத்த கிழமை நீ மேற்படிப்புக்காக வெளிநாடு போகிறாய். இந்தச் செய்திக்காக நான் எவ்வளவு காலம் ஏங்கிக் கிடந்தேன் என்பது உனக்குத் தெரியும். முன்பென்றால் வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி நிறுக்கிறவரிடம்கூடச் சொல்லியிருப்பேன். இப்போது ஒருவரிடமும் சொல்லவில்லை. உன் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட வாய் எழவில்லை. காரணம் உனக்குத் தெரியும். ஆனால் நீ அறியாத பாதி ஒன்றும் இருக்கிறது. அதை நீ விமானம் ஏறுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். நான் பொய் சொன்னது நாலு பேருக்கு முன்னால். ஆகவே இதையும் நாலு பேர் வாசிக்கும்படியே எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட தாயிடமும் பிள்ளையிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவர்களுடைய பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் கணித ஒலிம்பியாட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர் கணினித் திரையில் வந்து உனக்கும் இன்னும் சில பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்தார். பள்ளிக் கணக்கைப் போல சூத்திரத்தைப் போட்டு விடை எடுக்கிற விஷயம் இல்லை அது. ஒரே கேள்வியை நாள் முழுக்க வைத்துக்கொண்டு இருப்பாய். சாப்பிடும்போதும் விரலால் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் ஏதோ கீறிக்கொண்டிருப்பாய். அந்தக் கணக்குகள் எனக்குப் புரியவில்லை. அவற்றால் வரக்கூடிய பெயர் மட்டும் நன்றாகப் புரிந்தது. நீ நாட்டின் குழுவில் தெரிவாகிப் போட்டிக்குப் போய், பதக்கம் இல்லாமல் கௌரவக் குறிப்போடு திரும்பி வந்தாய். நான் சொந்தக்காரருக்கெல்லாம் வெண்கலப் பதக்கம் என்று சொல்லிவிட்டேன். ஒரு கல்யாண வீட்டில் உன் மாமா முதுகில் தட்டி "எங்கை மருமோன், வெண்கலத்தைக் காட்டும் பாப்பம்" என்று கேட்டபோது, நீ சிரித்துக்கொண்டே "வெண்கலம் இல்லை மாமா, கௌரவக் குறிப்பு. பதக்கத்துக்குக் கொஞ்சம் புள்ளி போதாமல் போட்டுது" என்றாய். வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டோவுக்குள் வைத்து உன்னைத் திட்டினேன். ஆட்களுக்கு முன்னால் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டாய் என்றேன். தலைகுனிய வைத்தது உன் பதிலா, என் பொய்யா என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

பிறகு பொறியியல் படிக்கப் போனாய். ஊரடங்கில் எல்லாம் மூடிக் கிடந்தபோது, எங்கள் வீட்டு முன் ஹோலின் ஒரு மூலையில் மேசையைப் போட்டு, புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேல் போனைக் கவிழ்த்து வைத்து, கீழே தாளில் எழுதிக் காட்டிப் படிப்பிக்கத் தொடங்கினாய். இந்தப் பயிற்சிகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, தமிழில் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று அம்மாவிடம் சொன்னாய். வவுனியாவில் ஒருவன், வாழைச்சேனையில் இரண்டு பேர், ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரு பிள்ளை என்று ஆட்கள் சேர்ந்தார்கள். பின்னேரம் ஏழு மணியானால் வீடு வகுப்பறையாகிவிடும். நான் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போவதென்றால் திரையில் விழாமல் குனிந்து போக வேண்டும். உனக்குப் பின்னால் சுவரோடு நின்ற நீல அலுமாரி, அதன் மேலிருந்த, நீ வென்ற கோப்பைகள், பித்தளை விளக்கு, இவ்வளவும்தான் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கொழும்பு.

அந்த ஹற்றன் பிள்ளையைப் பவித்ரா என்று வைத்துக்கொள்கிறேன். தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் அவளுக்கு சிக்னல் கிடைக்கும் என்று சொல்லியிருந்தாய். அவள் பேசும்போது பின்னால் காற்று கேட்கும். ஒருநாள் நான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு கணக்குச் சொன்னாய். ஒரு விருந்துக்கு வந்தவர்கள் ஆளுக்காள் கைகுலுக்குகிறார்கள். எத்தனை பேருக்குக் கைகொடுத்தோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தால், ஒரே எண்ணிக்கை வருகிற இரண்டு பேராவது கட்டாயம் இருப்பார்கள். ஏன்? காற்றுச் சத்தத்தோடு அவள் குரல் வந்தது.

"சேர், எல்லார்க்கும் கை குடுத்த ஒரு ஆளும், யாருக்குமே கை குடுக்காத ஒரு ஆளும் ஒரே ரூம்ல இருக்க முடியாதுல்ல சேர்?"

"ஏன் இருக்கேலாது?"

"எல்லார்க்கும் குடுத்தவரு இவருக்கும் குடுத்திருப்பாருல்ல."

நீ மேசையில் அடித்து "அதுதான், அதுதான்! மிச்சத்தை நீயே சொல்லு" என்று கத்தினாய். நான் பத்திரிகையை மடக்கி வைத்துவிட்டு உன்னைப் பார்த்தேன். உனக்குத் தெரிவுக் கடிதம் வந்த நாளில்கூட உன் முகம் அப்படி இருந்ததில்லை. அன்றிலிருந்து அந்தக் குரல் எனக்குத் தெரியும். இதை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், தம்பி. அவளுடைய குரல் எனக்குத் தெரியும்.

பட்டம் வாங்கினாய். நல்ல மென்பொருள் கம்பனியில் வேலையும் கிடைத்தது. சில மாதத்தில் விட்டுவிட்டாய்.

"அந்த வேலைக்கு என்ன குறை?" என்று கேட்டேன்.

"குறை ஒண்டும் இல்லை அப்பா. ஏழு மணிக்கு வீட்டை வந்து சேரேலாமல் கிடக்கு."

"சும்மா படிப்பிக்கிற வகுப்புக்காக ஆராவது வேலையை விடுவினமோ?"

"சும்மா இல்லை அப்பா. பிள்ளையள் பாத்துக்கொண்டு இருக்குதுகள்."

பகலில் உயர்தரப் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்து உன் செலவைப் பார்த்துக்கொண்டாய். மாலையில் இந்த வகுப்பு. ஊருக்கு என்ன சொல்வது என்பதுதான் என் கவலை. மகன் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறான் என்று சொல்லத் தொடங்கினேன். கம்பனியின் பெயரைக் கேட்டார்கள். அதையும் இட்டுக்கட்டினேன். அது உன் காதுக்கு எட்டியபோது நீ சிரித்தாய். "அப்பா, அந்தக் கொம்பனியிலை எனக்கு லீவு கீவு இருக்கோ?" என்று கேட்டாய். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் பொய்யை விடவில்லை.

இனி, போன வருடத்து அந்த வெள்ளிக்கிழமை. அதற்கு முதல் நாள் நீ எங்கள் இருவரிடமும் சொன்னாய்: தேசியக் குழுவுக்கான தெரிவுப் பரீட்சை சனிக்கிழமை காலையில், பவித்ராவும் தாயும் வெள்ளி மாலை கோச்சியில் வருகிறார்கள், ஓர் இரவு எங்களோடு தங்குவார்கள், கோட்டை ஸ்டேஷனுக்கு நீயே போய்க் கூட்டி வருவாய். அம்மா உடனே பாயையும் தலையணையையும் வெயிலில் போட்டாள். நான் "ம்" என்றேன். லண்டனிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் தங்கள் மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தது. உன்னைக் கேளாமல், அம்மாவுக்கும் அரைகுறையாகச் சொல்லி, அதே வெள்ளி மாலை அவர்களை நான்தான் தேநீருக்கு அழைத்திருந்தேன். இருபத்தைந்து வயதுப் பெடியனுக்கு இப்ப என்ன அவசரம் என்று அம்மா கேட்டாள். நான் காது கொடுக்கவில்லை. ஸ்டேஷனுக்கு நீ புறப்படுவதற்குள் இவர்கள் வந்து, உன்னைக் கண்டு, போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். அவர்கள் பிந்தி வந்தார்கள், அதற்குள் நீ போய்விட்டாய்.

தாயும் மகளும் கோச்சியில் வரவில்லை. ரயில் பாதையில் மண் சரிந்து கிடப்பதாக யாரோ சொல்ல, பஸ்ஸில் ஏறி, நீ கோட்டையில் காத்துக்கொண்டு நின்ற நேரத்தில் புறக்கோட்டையில் இறங்கி, உன் குறுஞ்செய்தியில் இருந்த விலாசத்தை ஆளாளுக்குக் காட்டிக் கேட்டுக் கேட்டு வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார்கள். ஹோலில் லண்டன்காரரும் மனைவியும் இருந்தார்கள். உன் கம்பனியைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா குசினியில் வடை பொரித்துக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. நான்தான் திறந்தேன்.

தூறலில் நனைந்த தாய். கையில் ஒரு பை, மற்றக் கையில் லீக்ஸ் கட்டு ஒன்றும் கரட்டும் போட்ட இன்னொரு பை. பக்கத்தில் பள்ளிச் சப்பாத்தோடு ஒரு பிள்ளை.

"வணக்கம் ஐயா. சேர் வீடு இதுங்களா?" என்று பிள்ளை கேட்டாள். அந்தக் குரல்.

"எந்தச் சேர்?"

அவள் உன் பெயரை முழுதாகச் சொன்னாள்.

நான் காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்தவன். வருகிறவர்களுக்கு மனம் நோகாமல் "இல்லை" சொல்வதுதான் அங்கே என் தொழில். அந்தத் தொழில் குரல் தானாக வந்தது. "அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லையே. நீங்கள் விலாசம் பிழைச்சு வந்திட்டியள் போல."

தாய் போனை நீட்டினாள். "இதுல இந்த நம்பருதாங்க ஐயா போட்டிருக்கு."

"இதே நம்பரிலை கடற்கரைப் பக்கமும் ஒரு வீடு இருக்கு. அங்கை போய்க் கேட்டுப் பாருங்கோ."

பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தாள். அவள் பார்வை நின்ற இடத்தைத் திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. நீல அலுமாரி, கோப்பைகள், பித்தளை விளக்கு. எத்தனையோ மாலைகளில் உனக்குப் பின்னால் அவள் பார்த்த சுவர். அவள் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"அம்மா, வாங்க போவோம்."

"இருடி, ஐயாகிட்ட வழி கேட்டுக்கிட்டு..."

"வேணாம்மா. இது இல்ல. வாங்க."

படியிறங்கிப் போனார்கள். "ஆர் அண்ணை?" என்று லண்டன்காரர் கேட்டார். "ஆரோ வீடு மாறி வந்திட்டினம்" என்றேன். அம்மா வடைத் தட்டோடு வந்து அதையே கேட்டாள். அதையே சொன்னேன்.

நீ தெப்பமாக நனைந்து வந்தாய். விருந்தாளிகளுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு "அம்மா, அவை வந்திட்டினமோ? கோச்சி வந்திட்டுது, அவையைக் காணேல்லை. போனும் வேலை செய்யேல்லை" என்றாய். இல்லையே என்று அம்மா பதறினாள். நான் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். நீ மறுபடி வெளியே ஓடினாய். "பிள்ளை நல்ல சுறுசுறுப்பு" என்று லண்டன்காரரின் மனைவி மெச்சினார். புறக்கோட்டை பஸ் நிலையம், கோட்டை ஸ்டேஷன், பொலிஸ் என்று நீ அலைந்தாய். விருந்தாளிகள் போன பிறகு, உன்னோடு நானும் ஓட்டோவில் ஏறி வந்து தேடினேன், தம்பி. உனக்கு அது ஞாபகம் இருக்கும். அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரிந்த ஒரே ஆள், உன் பக்கத்தில் இருந்து எதிர்ப் பக்கத்தில் தேடினான். இதைவிடக் கேவலமாக நான் எதையும் செய்ததில்லை. கதவில் சொன்னது ஒரு நொடியில் வந்தது என்று சொல்லித் தப்பலாம். ஓட்டோவில் இருந்த நேரம் நீளமானது. எந்தச் சந்தியிலும் வாய் திறந்திருக்கலாம்.

காலையில் பரீட்சை மண்டப வாசலில் நீ போய் நின்றாய். அவள் வந்தாள். கொழும்பில் தாய்க்குத் தெரிந்த ஒரே இடம் கொச்சிக்கடைக் கிறிஸ்தவக் கோயில். முன்பு ஒரு நேர்த்திக்கடனுக்கு வந்திருக்கிறாள். அங்கே மெழுகுதிரி விற்கும் ஒரு குடும்பம் இருவரையும் தங்கள் வீட்டில் படுக்க வைத்ததாம். ஏன் வரவில்லை என்று நீ கேட்டதற்கு அவள் "வீட்டக் கண்டுபிடிக்க முடியல சேர். போன்ல சார்ஜும் போச்சு" என்றாள். நீ வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, நான் தப்பிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு பிள்ளை எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள் என்பது பிறகுதான் உறைத்தது. அந்த முறை அவள் தெரிவாகவில்லை.

கொஞ்ச நாளில் அந்த லண்டன் அம்மா உன் அம்மாவுக்குப் போன் எடுத்தார். கதையோடு கதையாக, "அண்டைக்கு வந்த அந்தப் பிள்ளை பாவம், எங்கடை தம்பியின்ரை பேரைத்தானே சொல்லிக் கேட்டது. அதே பேரிலை இன்னொரு ஆளும் அந்தப் பக்கம் இருக்கிறார் போல" என்றார். அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நீயும் அங்கேதான் இருந்தாய். அம்மா கேட்டதை அப்படியே உனக்குச் சொன்னாள். நீ கத்துவாய் என்று நினைத்தேன். "அவை உங்களிட்டை என்ன கேட்டவை அப்பா? அப்பிடியே சொல்லுங்கோ" என்றாய். சொன்னேன். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" அதையும் சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். அந்தப் பரீட்சைக் கேள்விகள் கடினமானவை, அவள் தெரிவாகாததற்கு நீங்கள் காரணம் என்று நினைக்க வேண்டாம் என்றும் சொன்னாய். அந்த நிலையிலும் எனக்கு நியாயமாக நடக்கப் பார்த்தாய். கிழமை முடிவதற்குள் கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துக்கொண்டு போனாய். அம்மா அன்றைக்கு எனக்குச் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

தனியே இருந்த அந்த நாட்களில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து நானும் அம்மாவும் கொழும்புக்கு வந்த புதிதில் வீடு தேடி அலைந்த கதையை உனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். போனில் வீடு இருக்கு என்பார்கள். வாசலுக்குப் போய் யாழ்ப்பாண விலாசம் போட்ட அடையாள அட்டையைக் காட்டியதும் நேற்றே கொடுத்தாயிற்று என்பார்கள். அம்மா அப்போது உன்னை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். அந்த முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தேன். அப்படிப்பட்டவன் தன் கதவைத் திறந்தபோது, ஒரு தாயின் நனைந்த சேலையையும் மலையகப் பேச்சையும் பார்த்து, இவர்களை லண்டன்காரருக்கு என்னவென்று அறிமுகம் செய்வது என்றுதான் முதலில் யோசித்தான். அவர்கள் வேறு மாதிரி உடுத்தியிருந்தால், வேறு மாதிரிப் பேசியிருந்தால், உள்ளே அழைத்திருப்பேன். இதை எழுதக் கை கூசுகிறது. உண்மை அதுதான்.

நீ அறியாத பாதி இனித்தான். மூன்று மாதத்துக்கு முன் அம்மாவிடம், நான் ஹற்றனுக்குப் போய் அவர்களைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அம்மாதான் அந்தத் தாய்க்குப் போன் எடுத்துக் கேட்டாள். "வரட்டும்" என்று மட்டும் சொன்னாளாம். ஏதாவது வாங்கிக்கொண்டு போகட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன். "வெறுங்கையோடை போங்கோ. சாமானைக் குடுத்துச் சமாளிக்கப் பாக்காதேங்கோ" என்றாள்.

பவித்ராவின் தாயை மகேஸ்வரி என்று வைத்துக்கொள்கிறேன். அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். நான் போனபோது ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தெரிந்துகொண்டாள். ஊட்டி முடிக்கும்வரை எழும்பவில்லை. நானும் வாசலிலேயே நின்றேன்.

"அண்டைக்கு நீங்கள் சரியான வீட்டுக்குத்தான் வந்தனீங்கள். நான்தான் பொய் சொன்னனான். மன்னிக்கச் சொல்லிக் கேக்க வந்தனான்" என்றேன். வழி முழுக்க ஒத்திகை பார்த்த நீண்ட பேச்சில் மிஞ்சியது அவ்வளவுதான்.

"தெரியுங்க ஐயா. படி எறங்குனதுமே மக சொல்லிருச்சி, அது சேர் வீட்டு அலுமாரிம்மான்னு." குழந்தையின் வாயைத் துடைத்தாள். "சேர்கிட்ட சொல்லாதன்னு நான்தான் சொன்னேன். பெத்த அப்பாவப் பத்திக் கேட்டா சேருக்கு அவமானமா இருக்கும்ல. போனையும் நான்தான் நிப்பாட்டி வச்சேன். சேர் கூப்புட்டா இது அழுதுரும்னு."

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கோவம் இல்லேன்னு சொல்ல மாட்டேங்க ஐயா. பொம்பளப் புள்ளையக் கூட்டிக்கிட்டு, இருட்டுற நேரத்துல, தெரியாத ஊர்ல அந்த ரோட்டுல எறங்கி நடந்தேன் பாருங்க. அது எனக்கு மறக்காது. நீங்க வந்தது நல்லது. ஆனா மறக்காது."

"மறக்க வேண்டாம்" என்றேன்.

பள்ளி விட்டு பவித்ரா வந்தாள். என்னைக் கண்டதும் வாசற்படியில் நின்றுவிட்டாள். அவளிடமும் அதையே சொன்னேன். பிறகு, "உங்கடை சேருக்கு எல்லாம் தெரியும் பிள்ளை" என்றேன்.

"எப்பருந்து?"

"போன வருசமே தெரியும்."

"அப்ப சேர் ஏன் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"நீ சொன்னதைப் பொய் எண்டு காட்ட அவனுக்கு விருப்பம் இல்லாமல் இருந்திருக்கும்."

அவள் புத்தகப் பையைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகைக்கு நடுவில் சொன்னாள்: "ஒவ்வொரு கிளாஸ்லயும் பயமா இருக்கும் ஐயா. சேர் வீட்டப் பத்தி எதாச்சும் பேச்சு வந்தா மாட்டிக்குவேன்னு. அதான் நான் வாயே தொறக்கறதில்ல. விளங்கலன்னாலும் கேக்கறதில்ல."

தம்பி, பவித்ரா இப்போது வகுப்பில் பேசுவதே இல்லை, என்ன காரணமென்று தெரியவில்லை என்று நீ அம்மாவிடம் கவலைப்பட்டாய் அல்லவா. பெரிய பிள்ளையாகிவிட்டாள், கூச்சமாக இருக்கும் என்று அம்மா சமாதானம் சொன்னாள். அது கூச்சம் இல்லை. அவளைத் தெருவில் விட்டதற்கு மேலால், ஒரு வருடம் அவள் வாயையும் நான் கட்டி வைத்திருக்கிறேன். உன் முகத்தை அப்படி மலர வைத்த அந்தக் குரலை. நீ அவளைக் காப்பாற்ற நினைத்துப் பேசாமல் இருந்தாய். அவள் உன்னைக் காப்பாற்ற நினைத்துப் பேசாமல் இருந்தாள். இரண்டு பேரும் காப்பாற்றியது என்னைத்தான்.

நான் வந்து போனதைச் சேரிடம் சொல்லட்டுமா என்று அவள் கேட்டாள். நானே சொல்கிறேன் என்றேன். சொல்ல மூன்று மாதம் எடுத்தது. மகன் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றுதான் மலை ஏறினேன் என்று நீ நினைத்துவிடுவாயோ என்ற பயம். அதுகூட என் பெயரைப் பற்றிய பயம்தான். நீ போவதற்கு முன் அவளோடு பேசு. தெரியும் என்று சொல்லு. இதுதான் நான் உன்னிடம் கேட்கும் ஒரே உதவி.

புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் தகப்பன் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ போகிற நாட்டில், யாராவது ஒரு நாள் உன் நிறத்தையோ, உன் ஆங்கிலத்தையோ, கையிலிருக்கும் பையையோ பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையான குரலில் "இல்லை" என்று சொல்லக்கூடும். அப்போது என்னை நினைத்து அவர்களுக்காக இரங்காதே. எங்கள் அப்பாவும் இப்படித்தானே, பாவம் மனிதர்கள் என்று விட்டுவிடாதே. அது பிழை என்று அங்கேயே சொல்லு. நீ எனக்குக் காட்டிய மரியாதை எனக்கு நல்லது செய்யவில்லை. கல்யாண வீட்டில் மாமாவுக்குச் சொன்னது போல, சிரித்துக்கொண்டே உண்மையைப் போட்டு உடைக்கிற உன் பழக்கம்தான் நல்லது. அதை உன்னிடமிருந்து பறிக்கப் பார்த்தவன் நான்.

இந்த வருடத் தெரிவுப் பரீட்சை அடுத்த மாதம் வருகிறது. நீ இங்கே இருக்க மாட்டாய். எங்கள் வீட்டில் வந்து தங்கும்படி அம்மா மகேஸ்வரியை அழைத்தாள். "இல்லைங்கம்மா, கொச்சிக்கடையில அவுங்க வரச் சொல்லியிருக்காங்க. அங்கயே தங்கிக்கிறோம்" என்று சொல்லிவிட்டாள். அம்மாவின் முகம் விழுந்துபோனது. அந்தப் பதில் நியாயமானது என்று நான் நினைத்துக்கொண்டேன். பிறகு போன் பவித்ராவின் கைக்குப் போயிருக்கிறது.

"ஐயா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டாள். அம்மா போனை என்னிடம் தந்தாள்.

"ஐயா, இந்தத் தடவ வேற எடத்துல பரீட்சையாம். எங்களுக்கு வழி தெரியாது. போன தடவ சேர் வந்து வாசல்ல நின்னாங்க. இப்ப சேர் இல்ல. நீங்க வருவீங்களா?"

"வருவன் பிள்ளை."

"நேரத்தோட வந்துருங்க. எனக்கு லேட்டானா பதட்டமாயிரும்."

"நேரத்தோடை வருவன்."

நேற்று நான் கொட்டாஞ்சேனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கொச்சிக்கடைக்கு நடந்து, அந்த மெழுகுதிரிக் குடும்பத்தின் வீட்டைக் கேட்டுப் பார்த்து வைத்துக்கொண்டேன். அங்கிருந்து நுகேகொடைப் பக்கம் இருக்கும் பரீட்சை மண்டபத்துக்கு எந்த பஸ், எங்கே மாற வேண்டும் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாசலில் ஒரு வாகை மரம் நிற்கிறது. வெயில் ஏறினாலும் தாய் உட்காரலாம். காவலாளி எனக்கு என்ன அலுவல் என்று சிங்களத்தில் கேட்டார். என் மகனிடம் படிக்கிற பிள்ளை இங்கே சோதனை எழுத வருகிறாள் என்றேன். மகன் எங்கே படிப்பிக்கிறார் என்று கேட்டார். வீட்டிலிருந்து, இணையத்தில், காசு வாங்காமல் என்றேன். அவர் "ஹொந்தய்", நல்லது என்று சொல்லிவிட்டுக் கதவை மூடப் போய்விட்டார். உன்னைப் பற்றி வெளியாள் ஒருவரிடம் நான் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது அதுதான் முதல் தடவை.

சுகமாகப் போய்ச் சேர், ராசா. பரீட்சை முடிந்து அவள் வெளியே வந்ததும் போனை அவளிடம்தான் கொடுப்பேன். எந்தக் கணக்குச் செய்தாள், எது வரவில்லை என்று அவளே உனக்குச் சொல்லட்டும். நான் பக்கத்தில் நிற்பேன்.

அப்பா